கஸ்தூரிரங்கன் வைத்த பேரலல் கனெக்ஷன்

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை சாப்பிட்ட கையின் ஈரம் காய்வதற்குள் கஸ்தூரிரங்கன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வீட்டில் மொத்தம் மூன்று பேர். ஆதரவாக ஒரு ஓட்டு, எதிராக இரண்டு. ஆகவே தீர்மானம் நிறைவேறியது. மல்லேஸ்வரத்தில் அவருடைய வீட்டில் ஜனநாயகம் பதினேழு வருஷமாக இப்படித்தான் நடந்துவந்தது. அப்படி நடந்துவருவதாக அவர் நம்பிவந்தார் என்று சொன்னால் இன்னும் துல்லியமாக இருக்கும்.

தீர்மானத்துக்கு இரண்டு பகுதிகள்.

மகள் அதிதி பத்தாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. ஆகையால் அவளுடைய செல்போன் இன்று முதல் பீரோ லாக்கருக்குள். இது முதல் பகுதி.

பரீட்சை முடிந்ததும் யலஹங்கா தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியில் அவள் பதினோராம் வகுப்புக்கு, அதாவது பி.யூ.சி.க்கு, சேர வேண்டும். அங்கே பாடத்தோடு இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கும் சேர்த்துப் பிழிவார்கள். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் மாலை ஏழு மணிக்கு வெளியே. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு. அன்றைக்கு டெஸ்ட் மட்டும்தான். பிப்ரவரி பதினைந்துக்குள் சம்மதம் சொன்னால் சீட் உறுதி. இது இரண்டாம் பகுதி.

"செல்லம் கொடுத்து வளர்க்கலாம். செல் கொடுத்து வளர்க்கப்படாது," என்று கஸ்தூரிரங்கன் உரையை முடித்தார். இந்த வாக்கியத்தை அவர் குளிக்கும்போதே தயாரித்திருந்தார். கை தட்டல் எதுவும் வரவில்லை.

அதிதி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என் ஸ்ட்ரீக் போயிடும்ப்பா!"

"என்ன போயிடும்?"

"சஹானாவோட நானூத்திப் பன்னண்டு நாள் ஸ்ட்ரீக். டெய்லி ரெண்டு பேரும் ஒரு ஃபோட்டோ அனுப்பணும். ஒரு நாள் விட்டாலும் ஜீரோ ஆயிடும்."

சஹானா அவளோடு படிக்கும் பெண். நாலு தெரு தள்ளி வீடு. கஸ்தூரிரங்கன் அந்த ஃபோட்டோக்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். பார்த்தார். நேற்றைய படத்தில் ஒரு மின்விசிறி. முந்தாநாள் படத்தில் பாதி நெற்றி. அதற்கு முந்தைய நாள் மறுபடி அதே மின்விசிறி.

"நம்மாத்து ஃபேனை எதுக்கு அவளுக்கு அனுப்பறே?"

"சும்மா."

"அவ என்ன அனுப்பினா?"

"அவாத்து ஃபேன்."

"சரி, இதுல என்ன பேசிக்கறேள்?"

"ஒண்ணும் பேச மாட்டோம்ப்பா. அனுப்பினாப் போறும்."

கஸ்தூரிரங்கன் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா மங்கை? ஒரு வார்த்தை பேசாம நானூத்திப் பன்னண்டு நாள்! நாங்கள்ளாம் இந்த வயசுல என்ன பண்ணிண்டிருந்தோம் தெரியுமா?"

அலர்மேல்மங்கை தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "தெரியுமே. பிளாங்க் கால்."

"என்னது?"

"மார்கோசா ரோட்டுல ஒரு வீட்டுக்கு. தெனமும் சாயந்தரம் ஆறு மணிக்கு. அந்தப் பொண்ணு 'ஹலோ'ம்பா, நீங்க வெச்சுடுவேள். கல்யாணமான மறு வாரமே உங்க தங்கை அம்ருதா எனக்குச் சொல்லியாச்சு. நீங்களும் ஒரு வார்த்தை பேசல, அவளும் ஹலோவுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அந்தக் காலத்துல ஃபேனைப் படம் பிடிச்சு அனுப்ப வசதி இல்லை, அவ்வளவுதான்."

"அது வேற. இவா நாள் பூரா ரீல்ஸ் பாக்கறா!"

"நீங்க நாள் பூரா ரீல் விட்டேள். பாக்கறது தேவலை இல்லையோ?"

சபையில் எதிர்க்கட்சிக்கு இவ்வளவுதான் நேரம். போன் லாக்கருக்குள் போயிற்று.

உண்மையில் கஸ்தூரிரங்கனின் மனக்குறை செல்போன் இல்லை. தீபாவளி சமயத்தில் அதிதி ஒரு நாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, எனக்கு ஆர்ட்ஸ் எடுத்து சைக்காலஜி படிக்கணும்" என்று சொன்னாள். அவர் பதறிப்போனார். "எதுக்கு? நம்மாத்துல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இது பதில் இல்லை என்பது அவருக்கே பத்து நிமிஷம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு குறைந்தது. நேரில் கேட்டால் "ம்". போனில் கேட்டால் "ஓகே". செய்தி அனுப்பினால் 'கே' என்று ஒரே ஓர் ஆங்கில எழுத்து. ஓகேயில் பாதியைக்கூட மிச்சம் பிடித்தாள்.

அவர் மனம் தளரவில்லை. தினமும் காலையில் தாமரைப் பூ போட்ட 'குட் மார்னிங்' அனுப்பினார். பதில் இல்லை. ஒரு நாள், 'வீட்டுக்கு வா. சாப்பாடு ரெடி.' என்று எழுதினார். அவள் அம்மாவிடம் போய், "அப்பா ஏம்மா இவ்வளவு கோவமா இருக்கார்?" என்று கேட்டிருக்கிறாள்.

"கோவமா? யார் சொன்னா?"

"ஃபுல் ஸ்டாப் வெச்சிருக்காரே. அதுவும் ரெண்டு!"

முப்பது வருஷத்துக்கு முன்னால் முற்றுப்புள்ளி வைக்காததற்காக இங்கிலீஷ் வாத்தியாரிடம் அடி வாங்கியவர் அவர். காலம் மாறும் என்று தெரியும். முற்றுப்புள்ளிக்கே இந்தக் கதி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பெண் மனசில் என்ன இருக்கிறது? யலஹங்காவுக்குப் போவாளா, முரண்டு பிடிப்பாளா? பிப்ரவரி பதினைந்துக்குள் இது தெரிந்தாக வேண்டும். கேட்டால் 'ம்' என்பாள். கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் அவர் ஒரு திட்டம் போட்டார்.

"குழந்தைக்கு அவசரத்துக்குப் பேச ஒரு போன் வேண்டாமா? நான் என்ன ராட்சசனா?" என்று பெருந்தன்மையாக ஆரம்பித்தார். வீட்டு இன்டர்நெட் இணைப்போடு ஒரு லேண்ட்லைன் நம்பரும் இலவசமாக உண்டு. இத்தனை நாள் அதை யாரும் சீண்டவில்லை. எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் ஒரு சிவப்பு டெலிபோன் வாங்கி வந்து ஹாலில் வைத்தார். நடு ஹாலில். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

அவர் வாங்கியது ஒரு டெலிபோன் இல்லை, இரண்டு. இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அம்மாவும் பெண்ணும் எட்டாவது கிராஸ் கடைத்தெருவில் பூ வாங்கப் போன நேரத்தில், ஹாலிலிருந்து சுவர் ஓரமாகவே மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோனார். பீரோவின் கீழ்த்தட்டில், அடுக்கி வைத்த வேஷ்டிகளுக்குப் பின்னால், இரண்டாவது டெலிபோனை வைத்தார். பேரலல் கனெக்ஷன். ஹாலில் மணி அடித்தால் இங்கே அடிக்காது. அதற்கான பித்தானை அமுக்கியாயிற்று. ஆனால் இங்கே ரிசீவரை எடுத்தால் அங்கே பேசுவது அத்தனையும் கேட்கும். அவருடைய மார்கோசா ரோடு வாழ்க்கையை அவர் தகப்பனார் முடித்துவைத்ததும் இதே முறையில்தான். பரம்பரை வித்தை.

சிவப்பு டெலிபோனைப் பார்த்து அதிதி முதலில் பயந்தாள். ரிசீவரைக் காதில் வைத்துவிட்டு உடனே எடுத்தாள்.

"அப்பா, ஏதோ 'உய்ய்ங்'னு கத்தறது. கெட்டுப்போச்சா?"

"அது டயல் டோன். போன் தயாரா இருக்குன்னு அர்த்தம்."

"தயாரா இருந்தா எதுக்குக் கத்தணும்?"

அடுத்த சிக்கல், அவளுக்கு யாருடைய நம்பரும் தெரியாது. சஹானாவின் நம்பர்கூட. நானூற்றுப் பன்னிரண்டு நாள் மின்விசிறி அனுப்பிய சிநேகிதியின் பத்து இலக்கங்களில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. லாக்கரைத் திறந்து, போனில் பார்த்து, காலண்டர் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது சிக்கல், போன் பண்ண அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"முதல்ல மெசேஜ் போட்டு 'கால் பண்ணட்டுமா'ன்னு கேக்காம திடீர்னு எப்படிப்பா கூப்பிடறது? அது மேனர்ஸ் இல்லே."

"மணி அடிக்கறதே அதுக்குத்தாண்டி! 'எடுக்கலாமா'ன்னு கேக்கறதுதான் மணி!"

எப்படியோ பழகிவிட்டாள். தினமும் மாலை ஏழு மணிக்கு சஹானாவின் போன் வரும். அதே ஏழு மணிக்குக் கஸ்தூரிரங்கனுக்குப் பீரோ அடுக்கும் ஆசை வரும்.

முதல் வாரம் ஏமாற்றம்தான். பெண்கள் பேசியதில் பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ், நடுவில் ஊறுகாய் மாதிரி கொஞ்சம் தமிழ். அதையும் பேசினால்தானே? 'ஹாய்' சொன்னார்கள். எந்தப் பாடம் என்று கேட்டார்கள். பிறகு பேச்சே இல்லை. லைன் அறுந்துபோயிற்றோ என்று நினைத்தார். இல்லை. பக்கம் புரட்டும் சத்தம் வந்தது. பேனா மூடியைக் கடிக்கும் சத்தம் வந்தது. இரண்டு பேரும் போனைத் திறந்து வைத்துக்கொண்டு, அவரவர் வீட்டில் அவரவர் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிஷம்! அந்தக் காலத்தில் நாற்பது நொடிக்கு மேல் போனால் அவருடைய அப்பா வாசல்வரை வந்துவிடுவார். இங்கே மௌனத்துக்கே நாற்பது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மௌனத்தைப் பீரோவுக்குள் தலையை விட்டபடி, முழங்கால் வலிக்க, அவரும் கேட்டார்.

நடுநடுவில் ஒரு நல்லதும் நடந்தது. ஒரு நாள் சஹானா ஏதோ சொல்ல, அதிதி சிரித்தாள். வயிற்றிலிருந்து வருகிற, மூச்சு வாங்குகிற சிரிப்பு. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் தோளில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. தீபாவளிக்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். அன்றிலிருந்து உளவு ஒரு பங்கு, ஆசை மூன்று பங்கு என்று ஆகிவிட்டது. சாங்கி ஏரிக்கரையில் சாயங்கால நடை நின்றது. ஆபீஸ் கூட்டங்களில் ஏழு மணிக்கு அவருடைய இணைப்பு மட்டும் தவறாமல் அறுந்தது. வாட்ஸ்அப் குழுக்கள் தாமரைப் பூ இல்லாமல் விடிந்தன.

"அந்தப் பீரோவை இன்னும் எத்தனை தரம்தான் அடுக்குவேள்?" என்று மங்கை கேட்டாள்.

"வேஷ்டி கலைஞ்சு போறது."

"நீங்க பேன்ட்தானே போட்டுக்கறேள்?"

இரண்டாவது வாரம் புதன்கிழமை ஒரு விபத்து நேர்ந்தது. வழக்கமான மௌனம். முப்பத்தோராவது நிமிஷம். வேஷ்டிகளுக்கு நடுவில் போட்டிருந்த அந்துருண்டை அவருடைய மூக்கோடு ஏதோ பேச ஆரம்பித்தது. அடக்கினார். மூக்கைப் பிடித்தார். வாயை மூடினார். தும்மல் வந்தே விட்டது.

லைனில் இன்னும் ஆழமான மௌனம்.

"ஏனே, நீயா தும்மினே?" என்று சஹானா பாதிக் கன்னடத்தில் கேட்டாள்.

கஸ்தூரிரங்கனின் இதயம் நின்று, யோசித்து, மறுபடி ஓடியது.

"ம்... ஆமா. நான்தான்," என்றாள் அதிதி.

'வெகுளி,' என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். 'தான் தும்மினோமா இல்லையா என்பதுகூடத் தெரியாத வெகுளி.'

மறுநாள் சாப்பாட்டில் மிளகு ரசம்.

"என்ன விசேஷம்?" என்றார்.

"உங்களுக்கு ஜலதோஷம் இல்லையோ?" என்றாள் மங்கை.

"யார் சொன்னா?"

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியறதே."

அந்தத் தும்மலுக்குப் பிறகு டெலிபோன் பேச்சில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மௌனம் போயிற்று. அதைவிட ஆச்சரியம், பேச்சு தமிழுக்கு மாறியது. சஹானா கன்னடப் பெண். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த எல்லாரையும் போல அவளுக்கும் தமிழ் வரும். ஆனாலும் இத்தனை சுத்தமாக, இத்தனை நிதானமாக, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, ரேடியோ நாடகம் மாதிரி பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 'செல்போனைப் பிடுங்கினதும் தாய்மொழிப் பற்று வந்துவிட்டது பார்!' என்று பூரித்தார். அடுத்தவளுக்கு அது தாய்மொழி இல்லை என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"சஹானா, எங்கப்பா காலையில ஷேவ் பண்ணும்போது தோடி ராகம் பாடறார். என்னால ஃபார்முலா மனப்பாடம் பண்ண முடியல. சொன்னா பாவம், மனசு கஷ்டப்படுவார். அதனால நான் சொல்லல."

மறுநாள் அவர் மௌனமாக ஷேவ் செய்தார். தோடி இல்லாமல் கத்தி பழகவில்லை. இரண்டு இடத்தில் வெட்டு.

சனிக்கிழமை மங்கை சிவப்பு டெலிபோனில் அம்ருதாவைக் கூப்பிட்டாள். வேஷ்டிகள் கலைந்திருந்ததால் கஸ்தூரிரங்கன் உள்ளே போனார்.

"நீ என்ன வேணா சொல்லு அம்ருதா, உங்கண்ணா பண்ற ரவா உப்புமாவுக்கு ஈடு கிடையாது. ஆனா அவர் பண்ண மாட்டார். ஆம்பளை சமைச்சா கௌரவக் குறைச்சல்னு நினைக்கற மனுஷன். அவர் மட்டும் ஞாயித்துக்கெழமையில சமையலறைப் பக்கம் வந்தார்னா அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்."

ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரிரங்கன் பெரிய ஆச்சரியம் கொடுத்தார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கொடுத்தார்.

'பெண்கள் மனசை யாராலும் படிக்க முடியாது என்கிறார்கள்,' என்று முந்திரிப் பருப்பை வறுத்தபடி நினைத்துக்கொண்டார். 'எனக்கு என்னவோ நேரலையே வருகிறது.'

உற்சாகத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது வாய் தவறிவிட்டது. வரப்போகும் ஏதோ தேர்தலைப் பற்றி டி.வி.யில் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஓட்டுக் கேக்க வரவாளை நம்பப்படாது," என்றார்.

"அவாளைக்கூட நம்பலாம்," என்றாள் மங்கை, சாதம் பரிமாறிக்கொண்டே. "வாசல்ல நின்னு நேரா கேக்கறா. ஒட்டுக் கேக்கறவாளைத்தான் நம்பப்படாது."

அதிதிக்குப் புரையேறியது. கஸ்தூரிரங்கன் அவள் தலையைத் தட்டினார். பாவம், குழந்தை.

பிப்ரவரி பன்னிரண்டு. கெடுவுக்கு மூன்று நாள். அன்று மாலை ஏழு மணிக்கு அந்தப் போன் வந்தது.

"அதிதி, யலஹங்கா காலேஜ் விஷயம் என்ன ஆச்சு?"

கஸ்தூரிரங்கன் பீரோவுக்குள் இன்னும் ஒரு சாண் நுழைந்தார். ஒரு மாதத்துக்கு மேலாக இதற்குத்தானே காத்திருந்தார்!

"அப்பா அங்கதான் சேர்ப்பார். எனக்கும் இப்போ அதுதான் வேணும்."

அவருக்குப் புல்லரித்தது.

"நிஜமாவா சொல்றே? ஆர்ட்ஸ் வேணும்னு அழுதியே?"

"அது அப்போ. இப்போ சுஹாஸ் அங்க சேர்ந்தாச்சு."

புல்லரிப்பு பாதியில் நின்றது.

"எந்த சுஹாஸ்?" என்றாள் சஹானா. ஏறக்குறைய அதே விநாடி அவரும் பீரோவுக்குள் உதட்டை அசைத்து அதையேதான் கேட்டார்.

"அவன்தாண்டி. கிடார் வாசிப்பானே. முடி இங்கவரைக்கும் வளர்த்திருப்பானே. பைக் வெச்சிருக்கானே."

"அய்யோ, ஹௌதா, நிஜமாவா! அவனா!"

"ஒரே பேட்ச். காலையில ஏழு மணியிலேர்ந்து சாயந்தரம் ஏழு மணிவரைக்கும் ஒரே கிளாஸ். பஸ்கூட ஒரே பஸ்தான். பன்னண்டு மணி நேரம், சஹானா! ஞாயித்துக்கெழமை டெஸ்ட் வேற."

"ஒருவேளை உங்கப்பா உன்னை நம்ம ஏரியாவுலயே இருக்கற அந்த லேடீஸ் காலேஜ்ல போட்டுட்டா?"

"ஐயோ, வாயைக் கழுவு! அங்க வாசல்ல வாட்ச்மேனைத் தவிர ஆம்பளையே கிடையாது. அதுவும் அங்க ஆர்ட்ஸ்தான் ஃபேமஸ். சைக்காலஜியெல்லாம் படிச்சிண்டு... என் வாழ்க்கையே போச்சு. நல்ல வேளை, எங்கப்பாவுக்கு அந்த யோசனை வரவே வராது."

கஸ்தூரிரங்கன் ரிசீவரை வைத்தார். மூளை அபாரமாக வேலை செய்தது. அவருக்கு அந்த யோசனை வந்துவிட்டது!

மறுநாள் அரை நாள் லீவு. முதலில் யலஹங்காவுக்குப் போன் செய்தார். "சீட் வேண்டாம்" என்றார். "சார், இரண்டு வருஷம் கழித்து வருத்தப்படுவீர்கள்," என்று அங்கிருந்தவர் எச்சரித்தார். "இரண்டு வருஷம் கழித்து வருத்தப்படக் கூடாது என்றுதான் வேண்டாம் என்கிறேன்," என்று கஸ்தூரிரங்கன் கறாராகச் சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்கு அந்த சீட் போயிற்று. பிறகு பொடிநடையாக லேடீஸ் காலேஜுக்குப் போனார். வாசலில் வாட்ச்மேனைப் பார்த்தார். வயது அறுபத்தைந்து இருக்கும். திருப்தி. முன்பதிவு விண்ணப்பத்தை அங்கேயே நின்று பூர்த்தி செய்தார். சரித்திரம், பொருளாதாரம், சமூகவியல், சைக்காலஜி. பேனா அழுந்த, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாப்பாட்டின்போது இரண்டாவது உரை.

"காலம் மாறிண்டிருக்கு. தகப்பன்னு இருக்கறவன் பொண்ணோட மனசைப் புரிஞ்சுக்கணும். எல்லாரையும் இன்ஜினியரிங்ல தள்ளற காலம் போச்சு. அதிதி, நீ சைக்காலஜி படிக்கறே. நம்ம லேடீஸ் காலேஜ். சேர்த்தாச்சு. சீட் முடிஞ்சாச்சு."

"ஆனா அப்பா... யலஹங்கா..." அதிதியின் குரல் உடைந்தது.

"பேசப்படாது."

"இவர் பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லை," என்று சுவரைப் பார்த்துச் சொல்லி மங்கை பெருமூச்சு விட்டாள். "தீர்மானம் பண்ணிட்டா மாத்திக்கவா போறார்?"

அதிதி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அறைக்கு ஓடினாள். அவளுடைய தோள் இரண்டும் குலுங்கின. தகப்பன் என்றால் இரும்பாக இருக்க வேண்டிய நேரம் உண்டு. இன்னொரு கரண்டி ரசம் விட்டுக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. மாலை ஏழு. மணி அடித்தது. பெண்ணின் துக்கம் எவ்வளவு ஆழம் என்று பார்த்து, மருந்தாக ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கலாம் என்ற நல்ல எண்ணத்தோடுதான் அவர் பீரோவுக்குள் தலையை விட்டார்.

"ஏனே, முடிஞ்சுதா?" என்றாள் சஹானா.

"முடிஞ்சுது. அப்பாவே போய், அப்பாவே எழுதி, அப்பாவே கையெழுத்தும் போட்டுட்டார். 'தகப்பன் பொண்ணோட மனசைப் புரிஞ்சுக்கணும்'னு எனக்கு அட்வைஸ் வேற."

"அழுதியா?"

"டவலுக்குள்ள. சிரிப்பு தாங்கல."

கஸ்தூரிரங்கனின் காதில் ரிசீவர் சூடாயிற்று.

"அப்போ இனிமே சுஹாஸ் தேவையில்லைதானே? சாகடிச்சுடலாமா?"

"சீ, பாவம். இருக்கட்டும். டிகிரி சேரும்போது வேணும்."

"பேரு நான் வெச்சதுதான் கரெக்ட், பாத்தியா? உங்கம்மா ஸ்ரீஹர்ஷான்னு வைக்கச் சொன்னாங்க."

"ஸ்ரீஹர்ஷான்னா நம்மவா பையன்னு நினைச்சு அப்பா காலேஜை மாத்தியிருக்க மாட்டார். ஜாதகம் கேட்டிருப்பார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு. வயிற்றிலிருந்து வருகிற, மூச்சு வாங்குகிற சிரிப்பு. எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதுதான் இந்தத் தடவை அவருக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ரிசீவரை வைக்கவும் முடியவில்லை. வைத்தால் 'டக்' என்று சத்தம் கேட்குமே! கேட்டால் தெரிந்துவிடுமே! மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேஷ்டிகளுக்கு நடுவில் ஒரு வேஷ்டியாக இருந்தார்.

"சைக்காலஜில உனக்கு பிராக்டிகல் நூத்துக்கு நூறு. இனி தியரிதான் பாக்கி," என்றாள் சஹானா. "சரி, ஆய்து. அம்மா கூப்பிடறாங்க. பை அதிதி."

"பை."

"பை அங்கிள்."

நல்ல குடும்பத்துப் பெண். பெரியவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போகத் தெரியாது. கஸ்தூரிரங்கனும் நல்ல குடும்பத்துப் பிள்ளைதான். யாராவது சொல்லிக்கொண்டால் பதில் சொல்லாமல் இருக்க அவருக்கும் தெரியாது.

"பை மா," என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. பீரோவுக்குள் தலையும் வெளியே உடம்புமாக அப்படியே மண்டியிட்டிருந்தார். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மங்கை வந்து நின்றாள். ஒரு முறைப்பு இல்லை, ஒரு கேள்வி இல்லை. அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சரிந்து கிடந்த வேஷ்டிகளை ஒதுக்கி, அவர் உட்கார வசதியாக ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள்.

"ரிசீவரை வெச்சுடாதீங்கோ. அடுத்தது நான் ஹால்லேர்ந்து அம்ருதாவோட பேசப் போறேன், நீங்க கேக்கணும்."